மண்டபத்தைத் தாண்டிய கிளாரினெட்

பாட்டைத் தொடங்கத் தெரிந்தவனுக்கு அதை நிறுத்தவும் தெரிந்திருக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். என்னை நம்பி அப்படித்தான் என் தங்கையின் கல்யாணத்தை ஒப்படைத்தார்கள்.

எழுபதுகளின் கடைசியில் அரியலூரில் ஒரு பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் திருச்சியில் பழைய புத்தகக் கடையில் ஒரு கட்டுத் தாள் கிடைத்தது. அமெரிக்காக்காரர்கள் ஒரு காலத்தில் ஆடித் தீர்த்த ஸ்விங் ஜாஸ் பாட்டுகள்! பாட்டுக்கு ஒரே தாள். மெட்டு மட்டும் ஒற்றை வரிசையாக இருக்கும். அதற்கு மேலே எந்த இடத்தில் எந்தக் கார்ட், அதாவது எந்தெந்தச் சுரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்று இங்கிலீஷ் எழுத்துகள். மீதியெல்லாம் வாசிப்பவன் சாமர்த்தியம். மெட்டை ஒருமுறை வாசித்துவிட்டு, ஆளுக்கொரு சுற்று மனதில் தோன்றியதை வாசித்து, மறுபடி மெட்டுக்கு வர வேண்டும். எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. சாப்பிடும்போதுகூட விரல்கள் தட்டின் விளிம்பில் வாசித்துக்கொண்டிருந்தன.

ட்ரம்பட் வாசிக்கும் செல்வத்தையும் டிரம்ஸ்காரரையும் பிடித்து இழுத்து, தினமும் சாயங்காலம் ஒரு நெல் குடோனில் ஒத்திகை. (குடோன் எலிகள் அந்த மாதம் தா.பழூருக்கே குடிபோயிருக்கும்.) டீ வந்ததும் ஒத்திகை நின்றுவிடும். அதனால் பாட்டு எங்கே முடிகிறது என்ற கேள்வியே எங்களுக்கு வரவில்லை. தாளின் கடைசியிலும், மறுபடி முதலிலிருந்து வாசி என்ற இரண்டு புள்ளிதான் இருந்தது.

தங்கை கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு நம்ம ஜாஸ்தான் என்று நானே முடிவு செய்துவிட்டேன். திருமானூர் மாப்பிள்ளை வீட்டார் போட்டது ஒரே நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் மாப்பிள்ளை மண்டபத்தில் கால் வைத்துவிட வேண்டும். மாப்பிள்ளையின் பெரியப்பா இதில் படு கறார். ஏற்கெனவே சகுனம் சரியில்லை என்று ஒரு சம்பந்தத்தையே முறித்தவர். அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நாலு இருவதுக்கு மண்டப வாசல்ல நிக்கணும். ஒன்ன நம்பித்தான் வுட்ருக்கேன்."

பிள்ளையார் கோயிலிலிருந்து கிளம்பினோம். முன்னால் நாங்கள், பின்னால் மாப்பிள்ளையின் கார். தெருவே வாயைப் பிளந்தது! செல்வம் ஒரு சுற்று பிய்த்து உதறினான். நான் விடுவேனா, இன்னொரு சுற்று. அப்படியொரு சந்தோஷத்தை நான் அதுவரை அனுபவித்ததில்லை. மண்டப வாசல் வந்தது. செல்வம் நிறுத்துவான் என்று நான் இருந்தேன். நான் நிறுத்துவேன் என்று அவன் இருந்தான். வாசல் போயே போய்விட்டது. கார் சமர்த்தாக எங்கள் பின்னாலேயே வந்தது. இன்னொரு தெருவும் சுற்றுவார்கள் போல என்று கூட்டமும் வந்தது. அப்பா கத்திக்கொண்டே ஓடி வந்தாராம்; அந்த ட்ரம்பட் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

பஸ் ஸ்டாண்டு அருகில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். திரும்பினால், மாலையும் கோட்டுமாக மாப்பிள்ளை.

"மச்சான், பொண்ணு அங்க இருக்கு. நாம எங்க போறோம்?"

விழுந்தடித்துத் திரும்பினோம். வாசலை அடைந்தபோது மணி நாலு முப்பத்தைந்து. பெரியப்பா குறுக்கே கையை நீட்டினார். ஆறு மணிக்கு மேல்தான் உள்ளே. அதற்குள் இந்தக் கல்யாணம் வேண்டுமா என்றும் யோசிக்கிறேன் என்றார். உள்ளே தங்கை அழுதுகொண்டிருந்தாள். பேண்டு சத்தம் கிட்டே வந்து அப்படியே தூரமாகப் போனதைக் கேட்டு, மாப்பிள்ளை திரும்பிப் போகிறார் என்றே நினைத்துவிட்டாள். அட பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மாப்பிள்ளை மண்டபத்தின் பக்கவாட்டுக்குப் போனார். ஒரு நாற்காலியைத் தூக்கி மணமகள் அறையின் ஜன்னலுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தார். அதுவரை அவரும் தங்கையும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நான் போவலங்க. உங்க அண்ணன்தான் கூட்டிட்டுப் போயிட்டாரு."

உள்ளே அழுகை சிரிப்பானது. அந்தச் சிரிப்பைக் கேட்டபின் பெரியப்பாவால் என்ன செய்ய முடியும்? ஆறு மணி அடித்ததும் அவரே மாப்பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

பல வருஷம் கழித்துத் தங்கையின் மகளுக்குக் கல்யாணம். அன்றைக்கு நான் வாசிக்கவே இல்லை. பட்டு வேட்டியில் ஊர்வலத்தின் முன்னால் சும்மா நடந்து வந்தேன். மண்டப வாசலைத் தாண்டியதும் ரோட்டை மறித்து இரண்டு பெஞ்சு. ஒன்றில் என் தங்கை உட்கார்ந்திருந்தாள். என்னம்மா இது, நான்தான் வாசிக்கவில்லையே என்றேன்.

"நடந்து வர்றியேண்ணே" என்றாள்.