ஃபோர்மேன் மட்டம் பார்த்த கதை

ஓய்வு பெற்ற மறுநாளே ஃபோர்மேன் சமையலறைக்குள் புகுந்தார். தொழிற்சாலையில் பெரிய கூட்டத்தையே மேய்த்த மனுஷன். வீட்டில் மேய்க்கக் கிடைத்தது மனைவி ஒருத்திதான். டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினார். அவள் வெங்காயம் நறுக்கும் வேகத்தைக் கடிகாரம் பார்த்துக் குறை சொன்னார்.

"உங்களுக்குன்னு ஒரு வேலை தேடிக்கக் கூடாதா?" என்றாள் அவள்.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பழைய லேத் மெஷின் ஒன்றை வாங்கிப் பின்னறையில் இறக்கினார். பிடி உடைந்துபோன பாத்திர மூடிக்குத் தன் கையாலேயே பித்தளையில் ஒரு குமிழ் கடைந்து அவள் முன்னால் வைக்க வேண்டும். தான் இன்னும் உபயோகமான ஆள்தான் என்று அவள் ஒருமுறை ஒத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அவள் சண்டை பிடிக்கவில்லை. தன் துணிப்பெட்டியைக்கூட அங்கிருந்து எடுத்து இடம் விட்டாள். அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். பெருமைப்பட்டுத் தொலைத்தார்.

"இது பேரு ரசமட்டம். மெஷின் மேல வெச்சா குமிழி நட்டநடுவுல நிக்கணும்," என்று வகுப்பெடுத்தார்.

"நிக்கலைன்னா?"

"கடையறது எல்லாம் கோணலாப் போயிடும். கால்ல இருக்கற ஒரு நட்டு பாதிச் சுத்து தளர்ந்தாப் போதும், மொத்தமும் போச்சு."

"எந்த நட்டுங்க?"

"எதுவானாலும்தான். அதுலயும் அந்தப் பின்மூலை நட்டு இருக்கே, பொல்லாதது."

அவள் அக்கறையாகக் கேட்டுக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சை அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டதே இல்லை.

காலையில் பாடுபட்டு மட்டம் சேர்ப்பார். சாப்பிட்டுக் கண்ணயர்ந்து எழுந்து பார்த்தால் குமிழி ஓரத்தில் போய் உட்கார்ந்திருக்கும். தரையைத் திட்டினார். வெயிலைத் திட்டினார். தெருவில் போகும் லாரிகளைத் திட்டினார். தரையைப் பெயர்த்து மறுபடி கான்கிரீட் போட்டார். மாதங்கள் ஓடின. ஒரு பம்பரம்கூடக் கடைந்தபாடில்லை.

ஒரு மத்தியானம் தாகமெடுத்துத் தூக்கம் கலைந்தது. கொல்லைப்பக்கம் பேச்சுக்குரல். மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு டீச்சர்.

"எங்க வீட்டுக்காரரும் ரிட்டயர் ஆகப் போறாருக்கா. இப்பவே கிச்சன் அலமாரிய அளக்கறார். உங்க வீட்டுல மட்டும் எப்படி இவ்வளவு நிம்மதி?"

"பின்மூலையில ஒரு நட்டு இருக்கு. அவர் தூங்கறப்ப பாதிச் சுத்து. சாயங்காலம் வரைக்கும் வெளிய வரமாட்டார்."

"கண்டுபிடிச்சிட்டார்னா?"

"அந்த மெஷின் சரியாயிட்டா அப்புறம் என்னைச் சரி பண்ண வந்துடுவாரே!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஃபோர்மேன் தாகத்தையே மறந்தார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தன்னைப் பூட்டிவைக்க ஒரு ஸ்பேனர் போதுமாக இருந்திருக்கிறது. இன்றைக்கே குமிழைக் கடைந்து அவள் மூஞ்சியில் எறிகிறேன் என்று கறுவிக்கொண்டு பின்னறைக்குப் போனார். நட்டுகளை முறுக்கினார். குமிழி நட்டநடுவில் வந்து நின்றது.

மூடியை அளந்துவர சமையலறைக்கு ஓடினார். மூடியில் குமிழ் இருந்தது. கடையில் வாங்கிய கறுப்பு பிளாஸ்டிக் குமிழ். புழங்கிப் புழங்கி மங்கியே போயிருந்தது.

"என்னங்க," என்றாள் அவள் பின்னாலிருந்து. "மட்டம் வந்துருச்சா?"

அந்தக் குரலில் நிஜமான பயம் இருந்தது. கிட்டத்தட்ட கெஞ்சல்.

"இல்ல... இன்னும் கொஞ்சம் சாயுது."

"மெதுவா பாருங்க," என்றாள், மூச்சு விட்டு. "அவசரமே இல்ல."

ஃபோர்மேன் பின்னறைக்குத் திரும்பினார். ஸ்பேனரை எடுத்து, பின்மூலை நட்டைத் தானே பாதிச் சுற்றுத் தளர்த்தினார். அவளுக்கு ஒரு வேலை மிச்சம்.