சின்னப் பங்கில் நின்ற ஒல்லித்தேங்காய்

இதை எழுதுவதா விடுவதா என்று வருசக்கணக்காய்த் தயங்கினேன். எனக்குப் படிப்புக் குறைவு. செத்தவரைப் பற்றி ஒரு சொல் பிசகினாலும் பாவம். ஆனாலும் சொல்கிறேன்: மன்னார்த் தீவில் ஆயுள் முழுக்கக் கடலோடு சூதாடி, ஒரு தடவையேனும் வெல்ல ஆசைப்படாத மனிதர் அவர் ஒருவர்தான்.

சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கொப்பராக் கொட்டிலில் காவல்காரர். உள்ளே ஒன்றுமில்லாமல் ஒல்லியாய்ப் போன தேங்காய்களைப் பொறுக்கிக் வள்ளத்துக்குப் பூசும் கீலால் குறி போட்டு, எங்கள் தாழ்வுபாட்டுக் கரையிலிருந்து கடலில் விடுவார். பிறகு கிழட்டுக் கழுதையோடு கரை கரையாய் நடந்து, எது எங்கே ஒதுங்கியது என்று பார்ப்பார். அதனால் 'ஒல்லித்தேங்காய்' என்றே பெயர்.

வெள்ளைக்காரன் காலம். கள்ளக்கடத்தல் என்று சுங்கக்காரர் அவரைப் பிடித்துவிட்டார்கள்.

"உள்ளுக்கு என்ன வச்சிருக்கிறாய்?"

"ஒண்டும் இல்லை ஐயா. அதாலதானே மிதக்குது!"

நம்பாமல் அத்தனையையும் உடைத்தார்கள். கழுதை மட்டும் பயந்து கத்தியது.

இன்னொரு முறை, கலியாணத்துக்குப் பெண்ணை வைத்திருந்த ஒருத்தி சகுனம் பார்க்க வந்தாள். மாப்பிள்ளைக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. ஒரே அலையில் ஒட்டினாற்போல விட்டார். ஒன்று வங்காலையில் ஒதுங்கியது, மற்றது தலைமன்னாரில். தாய்க்காரி விளக்குமாற்றோடு ஓடி வந்தாள்.

"படுபாவி, என்ர பிள்ளையைப் பிரிச்சுப்போட்டியே!"

"பிள்ளையை நான் கடலில விடேல்லையே அக்கா! மயிரிழை தள்ளி விட்டாலும் போகப் போக வழி வேற."

கொட்டில் முதலாளி இனித் தேங்காய் தொடக்கூடாது என்றுவிட்டார். கையில் மிஞ்சியது ஒரே ஒரு காய். அதை ஒதுங்கிய இடத்திலேயே திரும்பத் திரும்பக் கடலில் தள்ளினார். வருசங்கள் போயின.

"அப்பிடி என்னதான் கண்டனீங்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தம்பி, ஒரு காய் எங்க போகும் எண்டு கேட்டால் தெரியாது. கனக்க விட்டால் சொல்லலாம். பெரும்பங்கு வங்காலை, மிச்சம் தலைமன்னார், அருமையா எப்பவாவது ஒண்டு அரிப்புக் கரை. ஒரே காயைக் கனகாலம் விட்டாலும் அதே பங்குதான்."

"இதால என்ன பிரயோசனம்?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

ஒரு சோளகக் காற்றில் என் தங்கையின் புருசன் போன வள்ளம் கவிழ்ந்தது. வள்ளம் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. தங்கை அழவில்லை. "அவரைக் கொண்டுவந்து சேமக்காலையில அடக்கினாப் பிறகுதான் அழுவன்" என்று கல்லாய் இருந்தாள். சோறு போட்டு மூடிவைத்துக் காத்தாள். பிறகு எழும்பி நேரே ஒல்லித்தேங்காயிடம் போனாள்.

"அண்ணை, உங்கட காய் எங்க போகும்? அவர் எங்க கிடக்கிறார்?"

அவர் முகம் கறுத்தது. "சத்தியமாத் தெரியாது பிள்ளை. பெரும்பங்கு வங்காலை. அவ்வளவுதான் சொல்லலாம்."

ஊரே வங்காலைக்குப் போனது. செபமாலை சொல்லிச் சொல்லிக் கரையெல்லாம் தேடினோம். ஒன்றுமில்லை. "ஒல்லியின்ர பேச்சும் ஒல்லிதான்" என்று ஏசிக்கொண்டு திரும்பினால், ஆளும் இல்லை, கழுதையும் இல்லை. பயத்தில் ஓடிவிட்டான் என்றார்கள்.

மறுநாள் பின்னேரம் அரிப்பிலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்தது. பின்னால் கழுதையைப் பிடித்தபடி அவர், கோவணத்தோடு. அவருடைய வேட்டி, வண்டியில் கிடந்த என் மச்சானைப் போர்த்தியிருந்தது.

"அரிப்பெண்டு தெரிஞ்சிருந்தால் ஏன் முதலே சொல்லேல்லை?" என்று கத்தினேன்.

"தெரியாது தம்பி. நீங்கள் எல்லாரும் பெரும்பங்குக்குப் போயிட்டீங்கள். சின்னப் பங்கிலயும் ஒரு ஆள் நிக்கவேணுமே!"

தங்கை அன்றைக்குத்தான் அழுதாள்.

அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது ஊரில், அவர் மந்திரக்காரர், மச்சான் கிடந்த இடத்தை மை போட்டுப் பார்த்தார் என்று கதை. ஆண்டவர் அறிய அது பொய். வாசிக்கிறவர்களே, யாருக்காவது சொன்னால் இருந்தபடியே சொல்லுங்கள்: அவருக்குத் தெரியாது, தெரியாமலேதான் போய் நின்றார். பெயரையும் மாற்றிவிடாதீர்கள். என் தங்கை மரித்தோருக்கான செபத்தில், புருசனுக்கு அடுத்ததாய் அந்தப் பெயரைத்தான் சொல்கிறாள்.