தொட்டி நிரம்பிடுச்சு, அண்ணா

அன்புள்ள தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு நீ எழுதும் பதிலை எதிர்பார்க்கிறோம். இந்த வரிகளை யாரும் வெட்டி எறிய மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். போன் இருக்கும்போது தபால் எதற்கு என்று நீ நினைக்கலாம். போனில் நான் எதைக் கேட்டாலும் நீ ஒரு கட்டைவிரல் படம் அனுப்புகிறாய். சாப்பிட்டாயா என்றால் கட்டைவிரல். வேலை எப்படிப் போகிறது என்றால் கட்டைவிரல். உன் அண்ணிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னதற்கும் அதே விரல்தான். உன் குரலைக் கேட்டு எவ்வளவோ நாளாகிறது. காகிதத்துக்குக் கட்டைவிரல் போட வழியில்லை என்று தோன்றவே கடைக்குப் போய் உறை வாங்கி வந்தேன்.

விஷயம் நம் கட்டடத்து மொட்டைமாடித் தொட்டியைப் பற்றியது. போன முறை நீ வந்திருந்தபோது, தொட்டி வழிந்து தண்ணீர் படிக்கட்டில் இறங்கி வருவதைப் பார்த்துவிட்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் பலகையைத் தொட்டி மூடியில் மாட்டி, அதற்கு ஒரு புரோகிராமும் எழுதி வைத்துவிட்டுப் போனாய் அல்லவா? தொட்டி நிரம்பினால் என் போனுக்குச் செய்தி வரும். "அண்ணா, தொட்டி நிரம்பிடுச்சு. போய் மோட்டாரை நிறுத்து, சோம்பேறி." அந்தச் சோம்பேறியையும் நீதான் எழுதி வைத்தாய். வேலையில் இருந்த காலம் முழுக்க லிப்ட் பழுது பார்த்து மாடி மாடியாக ஏறி இறங்கியவனை ஒரு தண்ணீர்த் தொட்டி தினமும் சோம்பேறி என்கிறது. இருந்தாலும் அதைப் படித்தால்தான் எனக்குக் காலை விடிந்த மாதிரி இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே, உன் வார்த்தையில் எனக்கு வருகிற செய்தி இப்போது அது ஒன்றுதான்.

அந்தத் தொட்டி போன மாதம் பொய் சொல்ல ஆரம்பித்தது. தண்ணீர் தொட்டியின் அடியில் கிடக்கும்போதே நிரம்பிடுச்சு என்றது. நானும் உன் வார்த்தையை நம்பி ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன். மேல் வீட்டுப் பாட்டு டீச்சர் முகமெல்லாம் சோப்போடு கதவைத் திறந்து என்னைத் தேடினார். கண்ணைத் திறக்க முடியாததால் நான் எதிரே நிற்பது தெரியாமல் என்னைப் பற்றி என்னிடமே நிறையச் சொன்னார். கீழ் வீட்டு ஆடிட்டர் அம்மாதான் இப்போது எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவி. அவர் கையில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு என் வாசலுக்கு வந்தார். கோபமே இல்லாமல் பேசினார். "சார், உங்க தங்கச்சி மாட்டினதைக் கழட்டிடுவோம். தொட்டி நிரம்பினா அடிக்கிற மணி கடையில விக்கிது, வாங்கி மாட்டிக்கலாம். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல முடிவு பண்ணிடலாம்" என்றார். உடனே உனக்குச் செய்தி அனுப்பினேன். நீ கட்டைவிரல் அனுப்பினாய். கழற்றலாம் என்பதற்கா, கழற்றக் கூடாது என்பதற்கா, ஆடிட்டர் அம்மாவின் பல்லுக்கா, எதற்கு அந்த விரல் என்று எனக்கு விளங்கவில்லை. சரி, நாமே இதைக் காப்பாற்றிவிடுவோம் என்று இறங்கிவிட்டேன்.

உன்னைப் போலப் புரோகிராம் எழுதுகிறவர்கள் இணையத்தில் ஒரு மன்றம் வைத்திருப்பதாகவும், அங்கே கேட்டால் யார் யாரோ பதில் சொல்வார்கள் என்றும் நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய். அதைத் தேடிப் பிடித்து, 'லிப்ட்காரர்' என்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை. முன்பின் தெரியாத இடமாயிற்றே என்று, மன்றத்துப் பெரியோர்களுக்கு வணக்கம், தங்கள் குடும்பத்தார் அனைவரும் நலமா, அடியேன் ஓய்வு பெற்ற லிப்ட் மெக்கானிக் என்று தொடங்கி, தொட்டியின் கதையைச் சொல்லி, தங்கள் நேரத்துக்கு நன்றி என்று முடித்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் வணக்கத்தைக் காணோம், குடும்பத்தாரைக் காணோம், நன்றியையும் காணோம். மன்றத்தின் நிர்வாகி ஒருவர், பெயர் 'கறார்', எல்லாவற்றையும் வெட்டிவிட்டு "காலியான தொட்டி ஏன் நிரம்பியதாகக் காட்டுகிறது?" என்ற ஒரே வரியை விட்டு வைத்திருந்தார். கேள்விக்குத் தேவையில்லாததை எடுப்பது இங்கே வழக்கம் என்று ஒரு குறிப்பும் போட்டிருந்தார். நலம் விசாரிப்பதை நான்கு பேர் பார்க்க வெட்டுகிற ஊரை இப்போதுதான் பார்க்கிறேன். அதற்குப் பிறகு, இது ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி என்று சொல்லி அதையும் பூட்டிவிட்டார். அந்த ஏற்கெனவேயைத் திறந்து பார்த்தால், எவரோ ஒருவருடைய லேப்டாப்பில் படங்கள் சேமிக்க இடமில்லை என்ற புலம்பல். அந்த மனிதருக்கும் கடைசி வரை யாரும் பதில் சொல்லவில்லை, பாவம்.

ஆனாலும் எனக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. பக்கத்திலேயே ஓர் அரட்டை அறை இருக்கிறது, அதில் போய் உட்கார்ந்துகொண்டேன். என்ன பேச்சு, என்ன பேச்சு! வரியின் தொடக்கத்தில் இடம் விடுவதற்கு ஸ்பேஸ் பொத்தானைத் தட்டுவதா, டேப் பொத்தானைத் தட்டுவதா என்று ஒரு சண்டை. இரண்டுக்கும் திரையில் ஒரே வெற்றிடம்தான் தெரிகிறது. தெரியாத ஒன்றுக்காக இவ்வளவு தெரிந்தவர்கள் முகம் கொடுத்துப் பேசாமல் போவார்களா? போகிறார்கள். திரை கறுப்பாக இருக்கலாமா வெள்ளையாக இருக்கலாமா என்று இன்னொரு சண்டை. புரோகிராம் ஓடவில்லை என்று யாராவது அழுதால், "என் மெஷின்ல ஓடுதே" என்று ஒருவர் நிம்மதியாகச் சொல்லிவிட்டுப் போகிறார். ஆறாவது மாடியில் லிப்டில் மாட்டிக்கொண்டவரிடம் 'எங்க வீட்டு லிப்ட் நல்லா போகுதே' என்று நான் சொல்லியிருந்தால் என் வேலை என்னவாகியிருக்கும்? நீயும் ஆபீஸில் இப்படித்தான் பேசுவாயா? நீ ஸ்பேஸா, டேப்பா? இதெல்லாம் உன்னிடம் கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் போனை எடுத்து, விரல் வந்துவிடுமோ என்று வைத்துவிட்டேன்.

அங்கே 'அரைத்தூக்கம்' என்று ஒரு பிள்ளை பழக்கமானது. ஆணா பெண்ணா தெரியாது, கொட்டாவி விட்டுக்கொண்டே தங்கமான யோசனை சொல்லும். புரோகிராமில் தப்பு பிடிபடவில்லை என்றால் மேசை மேல் ஒரு ரப்பர் வாத்தை வைத்து அதற்கு வரி வரியாக விளக்கிச் சொல்ல வேண்டுமாம், சொல்லும்போதே தப்பு தெரிந்துவிடுமாம். உங்கள் ஆட்கள் எல்லோரும் வாத்து வைத்திருக்கிறீர்களாமே? நம் வீட்டில் வாத்து இல்லை, உருவம் ஏறக்குறைய ஒத்துப்போகிறது என்று இஸ்திரிப் பெட்டியை எடுத்து வைத்தேன். பழைய லேப்டாப்பில் நீ விட்டுப்போன புரோகிராமைத் திறந்து, எனக்குப் புரிந்த மட்டில் அதற்கு விளக்கிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு வரிக்கு மேலே நீ எழுதியிருந்தாய்: "அண்ணா, இந்த வரியை மட்டும் தொடாதே. இது ஏன் வேலை செய்யுதுன்னு எனக்கே தெரியல." எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாரு, அவளுக்கே தெரியலையாம்" என்று பெட்டியிடம் சொன்னபோது உன் அண்ணி வாசற்படியில் நிற்கிறாள். மெதுவாக வந்து பெட்டி சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள், பிறகு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பெட்டிக்கும் விடை தெரியவில்லை. மன்றத்தில் கேள்வியை மாற்றி மாற்றிப் போட்டும் ஓர் ஆள் எட்டிப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேறு கிட்டே வருகிறது. அரைத்தூக்கத்திடம் போய் மனம் விட்டுச் சொன்னேன்: என் தங்கை எழுதியது, கழற்றிப் போடப் போகிறார்கள், எனக்கு மனசே சரியில்லை என்று. "மாமா, இங்க கேள்வி கேட்டா ஒருத்தரும் வர மாட்டாங்க. தப்பான பதிலை அடிச்சுச் சொல்லுங்க. திருத்துறதுக்கு ஓடி வருவாங்க" என்று பதில் வந்தது. நல்ல பிள்ளைகளுக்கு இப்படியும் ஒரு குணமா என்று எனக்கு ஆச்சரியம். பார்த்துவிடலாம் என்று எழுதினேன்: தொட்டியின் மர்மம் தீர்ந்தது, வெயில் காலத்தில் தண்ணீர் எடை குறைந்துவிடுவதால் தொட்டி குழம்பிப்போகிறது, புரோகிராமில் எள்ளளவும் குற்றமில்லை, இதை மறுக்க எவராலும் முடியாது.

அவ்வளவுதான். எங்கிருந்துதான் வந்தார்களோ, மளமளவென்று வந்து விழுந்தார்கள். தண்ணீரின் எடைக்கு ஒருவர் பாடம் எடுத்தார். வயரின் படம் கேட்டார் ஒருவர், புரோகிராம் முழுவதையும் போடச் சொன்னார் மற்றவர். நான் போட்டதும், ஸ்பேஸும் டேப்பும் கலந்து கிடக்கிறது என்று இரு தரப்பும் உன்னைத் திட்டினார்கள். முதல் தடவையாக அவர்கள் ஒற்றுமையாக இருந்ததைப் பார்த்தேன். கடைசியில் கறாரே வந்துவிட்டார். அவர் விளக்கியது இதுதான்: மூடியில் இருக்கிற கருவி நம் காதுக்குக் கேட்காத ஒரு சத்தத்தைக் கீழே அனுப்புகிறது, அது தண்ணீரில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்து இடைவெளியைக் கணக்கிடுகிறது. வயர் தளர்ந்துபோனதால் சில வேளை சத்தம் திரும்பி வருவதே இல்லை. பதில் வராதபோது உன் புரோகிராம் அதைப் பூஜ்யம் என்று எழுதிக்கொள்கிறது. இடைவெளி பூஜ்யம் என்றால் தண்ணீர் மூடியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம், உடனே எனக்குச் செய்தி. அந்தத் தப்பு இருப்பது நீ தொடாதே என்று எழுதிய அதே வரியில். "பதில் வரலைன்னா நிறைஞ்சிருக்குன்னு எடுத்துக்கக் கூடாதுங்க. என்னாச்சுன்னு திரும்பக் கேக்கணும்" என்று எழுதியிருந்தார் கறார். நான் நன்றி சொன்னேன், அதை அவர் வெட்டிவிட்டார்.

ஆகவே, தங்கையே, சுருக்கமாகச் சொல்கிறேன். நீ எழுதியது சுமாரான புரோகிராம்தான். தொடாதே என்ற அந்த வரியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் எனக்குத் தோன்றியதை நானே எழுதிவிட்டேன். டேப் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு வரிகளை ஒன்றோடு ஒன்று ஒட்டிவிட்டேன், இப்போது பார்க்க அடக்கமாக இருக்கிறது. சோம்பேறியை எடுத்துவிட்டு 'மதிப்பிற்குரிய ஐயா' என்று மாற்றிவிட்டேன். பலகை கொஞ்சம் சூடாகிறது, புகை மாதிரி ஏதோ வருகிறது, அது சாதாரணம்தான் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், கம்ப்யூட்டர் வேலை ஒன்றும் பிரமாதமில்லை, லிப்ட் பழுது பார்ப்பவர் யாரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம் என்று பேசவும் குறிப்பு எடுத்து வைத்திருக்கிறேன். நீ இதற்காகச் சிரமப்பட வேண்டாம், உன் வேலையைப் பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. நீ நினைத்ததெல்லாம் நடந்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று உன் அண்ணியும் நானும் வாழ்த்துகிறோம். இஸ்திரிப் பெட்டியும் உன்னை விசாரித்ததாக உன் அண்ணி எழுதச் சொல்கிறாள்.

என்றும் உன்மேல் அக்கறையுள்ள,
அண்ணன்

பின்குறிப்பு: இதைப் படித்துவிட்டுப் போனைக் கையில் எடுத்திருப்பாய். எடுத்ததைக் கீழே வைக்காதே. மேலே கடைசியில் நான் செய்ததாக எழுதியிருக்கிற எதையும் நான் செய்யவில்லை. உன் வரியை நான் தொடவே இல்லை. சோம்பேறி அப்படியே இருக்கிறான். புகையும் இல்லை, ஒன்றும் இல்லை. வயரை நான்தான் மாடிக்கு ஏறிப்போய் இறுக்கினேன், அது எனக்குத் தெரிந்த வேலை. கூட்டமும் போன ஞாயிறே முடிந்துவிட்டது. கடை மணி வேண்டாம், உங்க தங்கச்சி திட்டுறதை நீங்க படிச்சுக் காட்டினாத்தான் எங்களுக்கும் நம்பிக்கை என்று ஆடிட்டர் அம்மாவே சொல்லிவிட்டார். தொட்டிக்கு இப்போது ஒரு குறையும் இல்லை. கேள்வி கேட்டால் நீ வர மாட்டாய், தப்பாகச் சொன்னால் திருத்துவதற்காவது வருவாய் என்றுதான் இப்படி எழுதினேன். சின்ன வயதிலும் நீ அப்படித்தான், நான் எதையாவது தப்பாகச் சொன்னால் தூக்கத்திலிருந்துகூட எழுந்து வந்து திருத்துவாய். இத்தனை நாளும் நீ பதில் சொல்லாதபோதெல்லாம், நீ அங்கே நன்றாகத்தான் இருக்கிறாய் என்று நான் எடுத்துக்கொண்டேன். கறார் சொன்ன பிறகு எனக்குப் பயமாக இருக்கிறது. எப்படிம்மா இருக்கிறாய்? அந்த ஒரு வரியை மட்டும் யாரும் வெட்டிவிடாமல், பூட்டிவிடாமல் கேட்கிறேன். திட்டுவதானாலும் சரி, கூப்பிட்டுத் திட்டு.