பட்டியலில் டாக்டர் கீழ்த்தளத்தில் இருக்கிறார்

அன்புள்ள மைத்துனனுக்கு,

நலம். நீயும் உன் மனைவி மக்களும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். உன்னை விசாரித்ததாக ஒரு வரி எழுதச் சொன்னாள் உன் அக்கா. எழுதிவிட்டேன். அவள் பங்கு அதோடு முடிந்தது. மீதி முழுவதும் என் பங்கு.

போன வாரம் தொலைபேசியில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "ஏன் அத்தான், எங்க கம்பெனிப் பொண்ணு கேட்டதுக்கு ஒரு ஆமான்னு சொல்லிட்டு வெச்சிருக்கலாமே?" என்றாய். முப்பத்தாறு வருடம் வகுப்பில் கேள்வி கேட்டே பழகியவன் நான். பதில் சொல்லும் முறை எனக்கு வந்தது அன்றைக்குத்தான். இப்போது பதில் எழுதுகிறேன். அந்தக் காப்பீட்டுக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில், எங்கள் கார்டு செல்லும் மருத்துவர்களின் பட்டியலைப் பார்க்கும் பிரிவிலேயே நீ நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாய். அதனால் இதைக் குடும்பக் கடிதமாக நினைக்காமல் அலுவலக வேலையாக நினைத்துக் கடைசிவரை படி.

எங்கள் டாக்டரை உனக்குத் தெரியும். காய்ச்சல், சர்க்கரை, ரத்த அழுத்தம், காரணம் தெரியாத வலி எல்லாவற்றுக்கும் இந்தச் சின்ன ஊரில் அவர் ஒருவர்தான். கத்தி எடுக்க மாட்டார். கேட்பார், தட்டிப் பார்ப்பார், யோசிப்பார், மாத்திரை எழுதுவார். பல வருடமாக ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தவர். மூன்று வருடத்துக்கு முன் கட்டடக்காரர் கீழ்த்தளத்தை மெத்தைக் கடைக்கு விட்டுவிட்டார். டாக்டர் அதே கட்டடத்தின் மேல்தளத்துக்குப் போனார். பதினெட்டுப் படி, அவ்வளவுதான். ஆனால் உங்கள் பட்டியலில் அவர் இன்றும் கீழ்த்தளத்திலேயே இருக்கிறார். முகவரியை மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதினார். மூன்று முறையும் ஒரே பதில்: பழைய முகவரிக்கு ஓர் உறுதிக் கடிதம் வரும், அதை டாக்டரே அங்கே நேரில் கையெழுத்திட்டு வாங்க வேண்டும். அதாவது, தான் அங்கே இல்லை என்பதை அவர் அங்கே இருந்து காட்ட வேண்டும். வருகைப் பதிவு எடுக்கும்போது, "இன்னைக்கு வராதவங்க கை தூக்குங்க" என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் உங்கள் கம்பெனியில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்திருக்கும்.

சரி, அந்தப் பெண்ணின் தொலைபேசிக்கு வருகிறேன். உன் அக்காவுக்கு நாலைந்து மாதமாக மூச்சு வாங்குகிறது. "படி ஏறினா மூச்சு முட்டுது டாக்டர்" என்றாள். "அந்தப் படி ஏறினா எனக்கே முட்டுதும்மா" என்று அவர் சிரித்துவிட்டு, நாற்காலியில் உட்கார வைத்துப் பரிசோதித்து மாத்திரை எழுதினார். குறையவில்லை. மறுபடி வரச் சொன்னார். அதற்குள் உங்கள் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"சார், உங்க மனைவி டாக்டரைக் கீழ்த்தளத்துலதானே பார்த்தாங்க?"

"இல்லம்மா, மேல்தளத்துல."

"சிஸ்டத்துல கீழ்த்தளம்னு இருக்கு சார்."

"சிஸ்டம் படி ஏறலைம்மா. என் மனைவிதான் ஏறினா. பதினெட்டுப் படி."

ஒரு நிமிடம் என்றாள். பாட்டுப் போட்டாள். ஏழு நிமிடம் கேட்டேன். மறுநாள் முதல் அந்த டாக்டரிடம் உன் அக்காவின் கார்டு மட்டுமல்ல, ஊரில் ஒருவர் கார்டும் செல்லவில்லை. காரணம்: "பட்டியலில் இல்லாத இடத்தில் சிகிச்சை."

டாக்டரின் நர்ஸ் என்னைத் தெருவிலேயே பிடித்துக்கொண்டாள். "பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தது போதாதா சார்? கம்பெனிக்கு வேற எடுக்கணுமா?"

"என்னைப் பொய் சொல்லச் சொல்றியாம்மா?"

"பொய் எதுக்கு? காது கேக்கலைன்னு சொல்லியிருக்கலாம்ல. உங்க வயசுக்கு யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

இதற்கு அவளே ஒரு வழியும் கண்டுபிடித்தாள். பட்டியல் மேலே ஏறாது என்றால் டாக்டர் கீழே இறங்கட்டும். அன்று முதல் தினமும் காலையில் டாக்டர் ஒரு நாற்காலியோடு மெத்தைக் கடைக்கு இறங்குகிறார். கடைக்காரர் இடம் கொடுத்திருக்கிறார், ஊரில் பாதிப் பேர் கடைக்குள் வந்துபோனால் அவருக்கு என்ன கசக்கவா போகிறது? "இருமுறவங்க கடைசி வரிசைக்குப் போங்க! பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காதீங்க! ஊசி போட்டவங்க எந்திரிச்சுக்குங்க, கஸ்டமர் வர்றாங்க!" என்று காலை முழுவதும் அவர் குரல்தான். நான் அங்கே காலடி வைப்பதில்லை. மெத்தை வாங்கப் போனால் மெத்தைக் கடை, நோய் காட்டப் போனால் டாக்டர். இரண்டையும் குழப்பிக்கொள்ள எனக்குத் தெரியாது, இது என் கொள்கை. உன் அக்கா தனியாகத்தான் போய் வருகிறாள்.

பிறகு உங்கள் ஆய்வாளர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். கீழ்த்தளத்தில் டாக்டர் உண்மையில் இருக்கிறாரா என்று பார்க்க வந்தவர், இருப்பதைப் பார்த்ததும் கொஞ்சம் ஏமாந்திருக்க வேண்டும். கடைக்காரரைப் பார்த்து, "மொத்தம் எத்தனை படுக்கை?" என்றார். பெரிய ஆர்டர் என்று நினைத்த கடைக்காரர், "இங்க இருபத்திரண்டு சார். குடோன்ல இன்னும் நாப்பது இருக்கு. எத்தனை வேணும்?" என்றார். உங்கள் ஆள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "படுக்கை வசதி இருபத்திரண்டு, அவசரத் தேவைக்குக் கூடுதலாக நாற்பது" என்று பதிந்துகொண்டு, சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டும் போனார். விலைச்சீட்டு தொங்கும் படுக்கையை அவர் எந்த மருத்துவமனையில் பார்த்தாரோ தெரியாது.

பத்தே நாளில் டாக்டருக்கு உங்கள் கம்பெனியின் கடிதம் வந்தது: அறுபத்திரண்டு படுக்கை கொண்ட உங்கள் மருத்துவமனையில் அறுவை அரங்கு இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை, நோயாளிகளுக்குச் சமையலறை இல்லை. ஆகவே மாதக் கடைசியோடு பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறீர்கள். மூன்றாம் வகுப்புப் பையனை யாரும் கேட்காமலே கல்லூரியில் சேர்த்து, பட்டம் வாங்கவில்லை என்று பள்ளியைவிட்டே துரத்துவார்களா? உங்கள் பிரிவில் துரத்துவீர்கள். துரத்திவிட்டு, வருந்துகிறோம் என்று கீழே அச்சடித்தும் அனுப்புவீர்கள்.

பட்டியலில் அடுத்த டாக்டர் பஸ்ஸில் இரண்டரை மணி நேரத் தொலைவில் இருக்கிறார். உன் அக்காவிடம் சொன்னேன். "இவர் இல்லேன்னா எனக்கு எந்த டாக்டரும் வேணாம். வயசானா மூச்சு வாங்கத்தான் செய்யும், அதுக்குப் பஸ் வேற ஏறணுமா?" என்றாள். அவள் பிடிவாதம் உனக்குத் தெரியும், நீங்கள் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். இந்த மாதம் முடிந்தால் அவள் டாக்டரைப் பார்ப்பதை விட்டுவிடுவாள். எனக்கு இருக்கிற ஒரே கவலை இதுதான். ஆகவே உன் கேள்விக்கு என் பதில்: நான் ஆமாம் என்று சொல்ல மாட்டேன். நீ முகவரியைத் திருத்து. டாக்டரை அவர் இருக்கிற மேல்தளத்துக்கு ஏற்று. மருத்துவமனையாக்கியதை ரத்து செய்து பழையபடி அவரை ஒரு டாக்டராக்கு. நாற்காலியிலிருந்து எழுந்து அடுத்த அறைவரை நடந்தால் முடிகிற வேலை. அதில் படிகூட இல்லை.

உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, கேட்டதற்கு உண்மையைச் சொல்லும் வேலையில் சேர்ந்து நீடூழி வாழட்டும். உன் மனைவிக்கு என் அன்பு. உனக்கும் ஆசிகள், இந்தமுறை மட்டும் சற்றுக் குறைவாக.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் வாசலில் நர்ஸ். "சார், டாக்டர் கூப்பிடுறார். ஒண்ணும் பயப்படாதீங்க" என்றாள். அப்படிச் சொன்ன பிறகு யார் பயப்படாமல் இருப்பார்? கொள்கையை வீட்டிலேயே விட்டுவிட்டு மெத்தைக் கடைக்கு ஓடினேன். நடந்தது இதுதான். தன் முறைக்காகக் காத்திருந்த உன் அக்காவிடம் கடைக்காரர், "சும்மா உக்காந்திருக்கீங்களேம்மா, இது புது ரகம், படுத்துப் பாருங்க" என்றிருக்கிறார். படுத்தாள். இரண்டே நிமிடத்தில் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நாலு மெத்தை தள்ளி இருந்த டாக்டர் அதைப் பார்த்துவிட்டார்.

"வீட்டுல எப்படிம்மா படுப்பீங்க?"

"மூணு தலையணை வெச்சு, சாஞ்சாப்பல."

"எத்தனை நாளா?"

"நாலு மாசமா. இவர்கிட்ட சொல்லலை. சொன்னா கவலைப்படுவார்."

படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் இதயம் களைத்திருக்கிறது, நுரையீரலில் நீர் சேர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். அன்றே ஊசி, மறுநாள் ஸ்கேன். "மேலே நான் யாரையும் படுக்க வெச்சுப் பார்க்கிறதே இல்ல சார். பரிசோதனை மேஜை முழுக்க உங்க மைத்துனர் கம்பெனி படிவம். என் தப்புதான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் தப்பு என்று எப்படிச் சொல்வேன்? கடைசி பெஞ்சில் ஒருவன் தூங்கினால் கரும்பலகையைப் பார்த்தபடியே கண்டுபிடித்தவன் நான். பக்கத்துக் கட்டிலில் தலையணை மூன்றானது எனக்குத் தெரியவில்லை.

அந்த அவசரத்தில் கடிதம் ஆறு நாள் வீட்டிலேயே கிடந்துவிட்டது. இப்போது உன் அக்காவுக்கு மூச்சு சீராகி, ஒரே தலையணைக்கு வந்துவிட்டாள். நோயாளிகளை இனிப் படி ஏற வைப்பதில்லை என்று டாக்டரும் கீழேயே இருந்துவிட முடிவு செய்திருக்கிறார். கடைக்காரர் ஒரு மூலையைத் தடுத்துக் கொடுக்கிறார். ஆக, உங்கள் பட்டியல் இப்போது சரியாகிவிட்டது. முகவரியைத் திருத்தச் சொன்னதை அடித்துவிடு, கம்பெனியைத் திட்டியதையும் அடித்துவிடு. அவரை மறுபடி டாக்டராக்கச் சொன்ன வரியை மட்டும் வைத்துக்கொண்டு மாதம் முடிவதற்குள் செய். உங்கள் தவறான முகவரிதான் அவளைப் படுக்க வைத்துப் பார்த்தது. நன்றி என்று எழுதப் பேனா வரவில்லை, எழுதியதாக வைத்துக்கொள்.

இன்று உன் வீட்டில் யார் யார் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார்கள் என்று எண்ணிப் பார்.