புகைப்பவர் மட்டும் உட்காரலாம்

செம்பாறை என்றொரு நாட்டில் உட்காருவதற்கும் சட்டம் இருந்தது. வேலை செய்யும் இடத்தில் யாரும் உட்காரக் கூடாது; புகைப்பவர் மட்டும், புகைத்து முடியும்வரை உட்காரலாம். காலஞ்சென்ற அரசர் பெரிய சுருட்டுப் பிரியர். புகைத்துக்கொண்டிருப்பவரை எழுப்புவது தம்மையே எழுப்புவதாகும் என்று அவர் கருதினார்.

மேட்டுத்தெருப் பிள்ளைகளை இந்தச் சட்டம் தொடவில்லை. அவர்கள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தேதான் இருந்தார்கள். பள்ளத்தெருப் பிள்ளைகள் மீசை அரும்பும் முன்பே காளவாசலுக்குச் செங்கல் சுமக்கப் போனார்கள். நாச்சி போன முதல் நாள், உச்சிவெயிலில் கால் துவண்டு உட்கார்ந்துவிட்டாள். மேஸ்திரி அதட்டி எழுப்பினார். அவளோடு கல் சுமந்த மருதன் ஒரு பீடியைப் பற்றவைத்து நீட்டினான்.

"இதப் புடிச்சுக்கிட்டு உக்காரு. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சும்மா பிடித்திருந்தால் போதாது, வாயிலிருந்து புகை வர வேண்டும் என்றார் மேஸ்திரி. அவள் இழுத்தாள், இருமினாள், ஆனால் கால்கள் ஆறின. அடுத்த மழைக்காலத்துக்குள் பீடி இல்லாமல் அவளுக்குப் பொழுதே விடியவில்லை.

பள்ளத்தெருவின் இருமல் அரண்மனைக்குக் கேட்டது. இளம் அரசி, நலத்துறை அமைச்சர் வித்தகராயரை அழைத்துக் காரணம் கேட்டார். மேட்டுத்தெருவிலும் சில பிள்ளைகள் ஒளிந்து புகைத்திருந்தார்கள். ஆசிரியரும் வைத்தியரும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டதால் அந்தப் பழக்கத்தை விட்டிருந்தார்கள். அமைச்சர் அதற்கு நற்குணம் என்று பெயர் வைத்தார். பள்ளத்தெருவில் குணம் போதவில்லை என்றார்.

எனவே வேலை முடிந்ததும் குணபோதனை நடத்த ஆணை பிறந்தது. பிள்ளைகள் அதையும் நின்றபடியே கேட்டார்கள். களைப்பு கூடியது, பீடியும் கூடியது. அடுத்து பீடிக்கு வரி ஏறியது. பிள்ளைகள் மதியச் சோற்றைக் குறைத்துக்கொண்டு பீடி வாங்கினார்கள். கஜானா நிரம்பியதால் ஆணை வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

ஒரு நாள் மருதன் இருமியபோது உள்ளங்கையில் ரத்தம் இருந்தது. அவன் அதைச் செம்மண்ணில் துடைத்துவிட்டுக் கூடையைத் தூக்கினான். நாச்சி அதைப் பார்த்தாள். தன் கூடையை இறக்கி வைத்தாள். பீடி இல்லாமல் உட்கார்ந்தாள். மேஸ்திரி கத்திப் பார்த்தார், அவள் அசையவில்லை. மருதனும் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

அரண்மனையின் புது மண்டபத்துக்குக் கல் வருவது நின்றது. அரசியே காளவாசலுக்கு வந்து, என்ன குறை என்று கேட்டார்.

"உக்காரத்தாங்க பீடி குடிக்கிறோம்," என்றாள் நாச்சி. "உக்கார விட்டா விட்ருவோம். ஒரே நாள்ல முடியாதுங்க. ஆனா விட்ருவோம்."

"அரசியாரே, உட்காருதல் நலத்துறையின் வரம்புக்குள் வராத பொருள்," என்றார் அமைச்சர்.

அரசி வெயிலில் சற்று நேரம் நின்று பார்த்தார். அன்றே பழைய சட்டம் ரத்தானது. காளவாசலில் கீற்றுப் பந்தல் போட்டார்கள், பள்ளத்தெருவுக்கு வைத்தியர் வந்தார்.

விடுவது எளிதாக இல்லை. நாச்சி இரவெல்லாம் தூங்காமல் கிடந்தாள். காரணமில்லாமல் எல்லார்மேலும் எரிந்து விழுந்தாள். மருதன் பலமுறை தோற்றான். ஆனாலும் பந்தலில் பக்கத்தில் ஆள் இருந்தது, பேச நேரம் இருந்தது. பேசிப் பேசித் தங்களுக்கும் ஒரு மாலைப் பள்ளி வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அரசியிடம் கேட்டு, அதற்கான கல்லையும் வாங்கிவிட்டார்கள்.

இதுதான் அமைச்சரவையைக் கலக்கியது. வித்தகராயர் எழுந்து, உட்காருகிறவர்கள் பேசுகிறார்கள், பேசுகிறவர்கள் கேட்கிறார்கள், நாளை கூலி உயர்வையும் கேட்பார்கள் என்று எச்சரித்தார். அவர்கள் வாய்க்கு வேலை கொடுக்க, பள்ளத்தெருப் பிள்ளைகளுக்கு விலையில்லாப் பீடி வழங்கும் திட்டத்தைத் அரசியைக் கேட்காமலே தொடங்கிவைத்தார்.

மாலை அணிந்த பீடி வண்டி காளவாசலில் வந்து நின்றது. யாரும் கை நீட்டவில்லை. மருதனின் கை மட்டும் ஒருமுறை எழுந்தது. நாச்சி பார்த்தாள், தடுக்கவில்லை. அவன் அந்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வண்டிக்காரரிடம் போனான்.

"அண்ணே, அத எறக்க வேணாம். கீழ்த்தட்டுல எடம் இருக்கா? பள்ளிக்கூடத்துக்குக் கல்லு ஏத்தணும்."