மைனஸ் விருந்தாளி

இந்த விடுமுறைக்கு என் மைத்துனர் வரக் கூடாது என்று திங்கட்கிழமை காலை முகம் கழுவும்போது முடிவெடுத்தேன். அவர் வந்தால் என் அறை அவருக்கு. எனக்கு ஹால் சோபா. சோபா ஐந்தடி. நான் ஐந்தே முக்கால். மிச்சமுள்ள முக்கால் அடி விடியும்வரை அந்தரத்தில் தொங்கும்.

சண்டை போட்டுத் தடுக்க முடியாது. மனைவியோடு இருபத்தாறு வருடத்தில் ஒரு சண்டையிலும் நான் ஜெயித்ததில்லை. இரண்டு டிரா. அப்போது அவளுக்குக் காய்ச்சல். ஆகவே புள்ளிவிவரத்தால் மடக்குவது என்று தீர்மானித்தேன்.

மனைவிக்குப் பள்ளி அலுவலகத்தில் வேலை. வீட்டுக்கு யார் வந்தாலும், வந்த தேதி, போன தேதி இரண்டையும் எக்செல்லில் ஏற்றிவிடுவாள். நான் ஒரு ஒப்பந்தம் எழுதினேன்: எந்தப் பக்கத்து உறவு குறைந்த நாள் தங்கியதோ, அந்தப் பக்கத்துக்கே இந்த விடுமுறை, இரு பக்கமும் சமமாகும்வரை தங்கலாம். இருவரும் கையெழுத்திட்டோம். சாட்சி, மேல்வீட்டுப் பல் டாக்டர். என் தங்கை வந்து தங்கியதே பன்னிரண்டு நாள். ஜெயம் நிச்சயம்.

"கம்ப்யூட்டர்ல ஒரு ஸ்கிரிப்ட் எழுதி நானே கூட்டித் தர்றேன்."

"கையால கூட்டினா பத்து நிமிஷம்தானேங்க?"

"மனுஷக் கை தப்பு பண்ணும்."

"ஸ்கிரிப்டை எந்தக் கை எழுதுது?"

ஸ்கிரிப்டை முதல் முறை ஓட்டியபோது மைத்துனர் 2093-ஆம் ஆண்டு வந்திருந்தார்.

"அப்ப நாம இருக்க மாட்டோமே. யாரு கதவு திறந்தது?" என்றாள், துணி மடித்துக்கொண்டே.

விஷயம் இதுதான். எக்செல் தன் வயிற்றுக்குள் தேதியை வைத்திருப்பதில்லை. 1899 கடைசியிலிருந்து எண்ண ஆரம்பித்து, 45,047-ஆவது நாள் என்று ஓர் எண்ணை வைத்திருக்கிறது. என் ஸ்கிரிப்ட் 1970-லிருந்து எண்ணிவிட்டது. தொடக்க நாளை மாற்றினேன். மைத்துனர் சமர்த்தாக 2023 மே மாதத்தில் வந்து இறங்கினார். அந்தப் பூரிப்பில் மேற்கொண்டு பார்க்கவில்லை. எழுதியதைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் எனக்குப் பரீட்சைக் காலத்திலேயே கிடையாது.

ஞாயிறு மாலை, டாக்டர் முன்னிலையில், அச்சிட்ட தாளை அவள் கையிலேயே கொடுத்தேன்.

"நீயே வாசி."

"உங்க பக்கம் பன்னிரண்டு நாள்."

"ம், அடுத்தது."

"எங்க பக்கம்... மைனஸ் நாப்பத்தஞ்சாயிரத்து ஒண்ணு."

தாளைப் பிடுங்கினேன். மைத்துனரின் முதல் இரண்டு வருகைக்கு நாற்பத்தாறு நாள் சரியாக வந்திருந்தது. மூன்றாவதான அந்த 2023 மே வருகைக்கு, போன தேதிக் கட்டம் காலி. காலியைப் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்ட ஸ்கிரிப்ட், அவரை 1899-லேயே ஊருக்கு அனுப்பியிருந்தது. வருவதற்கு நூற்று இருபத்து மூன்று வருடம் முன்பே விடைபெற்றுப் போன மனிதர்!

"ஏன் காலியா விட்டே?"

"அண்ணன் கிளம்பின நாளை எழுத மனசு வரலைங்க."

அவள் குரல் ஒரு கணம் தணிந்தது. நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் தேறிவிட்டாள்.

"குறைச்சல் எந்தப் பக்கம், டாக்டர்?"

"உங்க பக்கம்தாம்மா. ரொம்பவே குறைச்சல்."

"டாக்டர், இது தப்பான கணக்கு!" என்று அலறினேன்.

"சார், ஒப்பந்தத்துல கீழே உங்க கையெழுத்து இருக்கே," என்றார் அவர், பல்லைப் பிடுங்கும் அதே கனிவோடு.

அதற்குள் அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள்:

"ரிட்டர்ன் டிக்கெட் போடாதேண்ணா. உன் மாப்பிள்ளை நூத்தி இருபத்து மூணு வருஷம் தங்கச் சொல்றார்."