இணைப்பிலேயே காத்திருங்கள்

"வணக்கம்" என்றார் வானொலி. திரையில் குரலுக்குத் துள்ள வேண்டிய கோடு அசையவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னார். கோடு படுத்தது படுத்தபடியே கிடந்தது. மூன்றாம் முறை அடிவயிற்றிலிருந்து எடுத்துவிட்ட வணக்கத்துக்கு, எதிர்வீட்டு பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்து, ஈரக் கையோடு பதில் வணக்கம் வைத்தார். கம்ப்யூட்டர் மட்டும் கண்டுகொள்ளவே இல்லை.

வானொலி என்பது ஆபீசில் வைத்த பெயர். தன் குரல்வளத்துக்குக் கிடைத்த பட்டம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அணைக்க வழியில்லாத வானொலி என்பதுதான் முழுப்பெயர், பாதியை அவர் காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டார்கள். வாஷிங் மெஷின் கம்பெனியின் சர்வீஸ் ஆபீசில் உதிரிபாகக் கிடங்குக்கு அவர்தான் பொறுப்பு. அவர் கேன்டீனுக்குள் நுழைந்து "ஒரு விஷயம் தெரியுமா?" என்று ஆரம்பித்தால், பாதி பேருக்கு அவசரமாகப் போன் வந்துவிடும். மீதி பேருக்குப் பல் வலிக்கும். நம்மைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எவ்வளவு நாகரிகமாக எழுந்து போகிறார்கள் என்று அவரும் மெச்சிக்கொள்வார்.

போன வாரம் புது மேனேஜர் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

"புகார் லைன்ல காத்திருக்கிறவங்களுக்கு இவ்வளவு நாளா பாட்டு போட்டோம். இனிமே குரல்தான். அந்தக் குரலைக் கேட்டதும், காத்திருக்கிறவங்க மனசுல ஒரு தெளிவான முடிவு வரணும். அப்படி ஒரு குரல் நம்ம ஆபீஸ்ல யாருக்கு இருக்கு?"

எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் வானொலியின் பக்கம் திரும்பியது. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று கேஷியரையும் ஒரு பதிவு அனுப்பச் சொன்னார் மேனேஜர். திங்கள்கிழமை காலையில் இரண்டையும் லைனில் ஓட்டிப் பார்த்து, நல்லதை வைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

இதில் வானொலிக்குக் கேஷியர் பெரிதில்லை. அண்ணன்தான் பெரிது. இளவயதில் வானொலி நிலையத்துக்குக் குரல் தேர்வுக்குப் போன இவரை, முதல் வரியிலேயே "போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கூடப் போன அண்ணன் அதை இன்றுவரை மறக்கவில்லை. கல்யாண வீடோ துக்க வீடோ, இவர் வாயைத் திறந்தால் "போதும்" என்பார், சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். வயது ஏறினாலும் அந்த ஒரு வார்த்தை இவருக்கு உள்ளே குத்திக்கொண்டேதான் இருந்தது. அண்ணன் வீட்டிலும் இதே கம்பெனி மெஷின்தான், அதுவும் தண்ணீர் கசிகிறது. அவர் புகார் கொடுக்கப் போன் செய்ய வேண்டும், தம்பியின் குரலைக் கேட்டு வாயடைத்துப் போக வேண்டும். வானொலிக்கு அது போதும்.

அதற்கு முதலில் கோடு அசைய வேண்டும். மனைவியின் தம்பிக்குப் போன் போட்டார். அவன்தான் மைக்கை வாங்கித் தந்து, ரெக்கார்டிங் சாஃப்ட்வேரையும் ஏற்றிக் கொடுத்தவன்.

"அத்தான், மைக்கை சொருகினா மட்டும் போதாது. எந்த மைக்ல கேக்கணும்னு அதுக்குச் சொல்லணும். மேல பேர் பேரா வரும் பாருங்க, அதுல ஒண்ணைத் தொடுங்க."

முதலில் இருந்த பெயரைத் தொட்டார். கோடு துள்ளி எழுந்தது. வானொலிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சிவப்புப் பொத்தானை அழுத்தி முழு அறிவிப்பையும் படித்தார். மேனேஜர் கொடுத்தது நாலு வரி. இவர் அதை மெருகேற்றி ஒன்றரைப் பக்கம் ஆக்கியிருந்தார்.

போட்டுக் கேட்டால், ஃபேன் சத்தம் ஹெலிகாப்டர் போல் இரைந்தது. அதற்குப் பின்னால் எங்கோ பக்கத்துத் தெருவில் யாரோ வணக்கம் சொல்வது கேட்டது.

ஃபேனை நிறுத்தினார். ஜன்னல்களைச் சாத்தினார். ஃபிரிட்ஜைப் பிடுங்கினார். கடைசியில், ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷினையும் போய் நிறுத்திவிட்டு வந்தார்.

"என்னங்க, துணியெல்லாம் நுரையிலயே கிடக்கு!" என்று மனைவி கத்தினாள்.

"பத்து நிமிஷம் பொறு. கம்பெனி விஷயம்."

"இதுவும் உங்க கம்பெனி மெஷின்தானே? அதுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். வேர்த்துக் கொட்ட இரண்டாம் முறை படித்தார். இப்போது ஃபேன் சத்தம் இல்லை, பக்கத்துத் தெரு ஆள் மட்டும் தெளிவாகக் கேட்டார்.

"நீங்க தொட்டது லேப்டாப்புக்குள்ளயே இருக்கிற மைக் அத்தான்" என்றான் மைத்துனன். "புது மைக் ரெண்டாவதா இருக்கும். ஃபேனை எதுக்கு நிறுத்துனீங்க?"

மனைவியிடம் இதைச் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை. நிறுத்தியது நிறுத்தியபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, இரண்டாவது பெயரைத் தொட்டார். பதிவாகும்போதே தன் குரல் தனக்குக் கேட்டால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. அதற்கும் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தி, சிவப்புப் பொத்தானையும் அழுத்திவிட்டு "வ" என்றார்.

அந்த "வ" ஸ்பீக்கரில் வந்து, மைக்கில் புகுந்து, மறுபடி ஸ்பீக்கரில் வந்து, வீடே கிடுகிடுக்க ஊளையிட்டது. மாடிவீட்டுக்காரர் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. நான் வணக்கம் சொன்னேன்" என்றார் வானொலி.

மாடிவீட்டுக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மனைவியிடம் தனியாக ஏதோ விசாரித்துவிட்டுப் போனார்.

"ஹெட்ஃபோன் போட்டுக்கோங்க அத்தான், சத்தம் வெளிய வராது" என்றான் மைத்துனன். போட்டுக்கொண்டார். சத்தம் வெளியே வரவில்லை, உள்ளே வந்தது. ஆனால் அவர் பேசி முடித்த சொல் ஒரு கணம் தாமதித்துத்தான் காதுக்கு வந்தது. "உங்கள்" என்று சொல்லிவிட்டு "அழைப்பு" என்று வாயெடுக்கும்போது காதில் "உங்கள்" என்றது. அதை வரவிட்டு அப்புறம் பேசலாம் என்று வேகத்தைக் குறைத்தார், அதுவும் குறைத்துக்கொண்டது. நாக்கு குழறி, "உங்ங்... கள்ள்... அழை... அழைப்ப்பு..." என்று இழுத்தது.

மனைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கண் சிவந்து, சட்டை நனைந்து, தலையை ஆட்டி ஆட்டிக் குழறும் புருஷனைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள்.

"என்னங்க, காலங்காத்தால ஆரம்பிச்சுட்டீங்களா?"

"ஏய், இது சாஃப்ட்வேர்டி!"

"எல்லாரும் இப்படித்தான் ஏதாவது பேர் சொல்றாங்க."

ஒவ்வொரு முறை சிவப்புப் பொத்தானை அழுத்தும்போதும், பழைய கோட்டுக்குக் கீழே புதிதாக ஒரு கோடு முளைத்தது. புதியது வந்தால் பழையது தானே ஒதுங்கிக்கொள்ளும் என்று வானொலி நினைத்துக்கொண்டார்.

தன் குரல் கேட்கும் பொத்தானை அணைத்துவிட்டுப் படித்ததில், ஒரு வழியாகக் குரல் குரலாகவே வந்தது. ஆனால் பின்னால் மெல்லிசாக ஓர் இரைச்சல்.

"அது சுலபம்" என்றான் மைத்துனன். "கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசாம பதிவு பண்ணுங்க. அதைக் காட்டி, இதுதான் இரைச்சல்னு சாஃப்ட்வேருக்குச் சொல்லிக் குடுத்தா, எங்கெங்க அது இருக்கோ அங்கெல்லாம் துடைச்சிடும். நாலு விநாடி வாயைத் திறக்காம இருந்தா போதும்."

வாழ்நாளில் வானொலியிடம் யாரும் இவ்வளவு கடினமான வேலையைக் கொடுத்ததில்லை. பொத்தானை அழுத்தினார். "சரி, இப்போது நான் அமைதியாக இருக்கப் போகிறேன்" என்று அறிவித்தார். ஒரு விநாடி இருந்தார். "இதோ, அமைதியாகத்தான் இருக்கிறேன்" என்றார்.

சாஃப்ட்வேர் நல்ல மாணவன். எது இரைச்சல் என்று காட்டினாரோ அதை அப்படியே பிடித்துக்கொண்டு, ஒன்றரைப் பக்கத்திலும் அவர் குரலைத் தேடித் தேடித் துடைத்தது. மிச்சம் இருந்தது, தண்ணீர்க் குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருவர் வாய் கொப்பளிக்கிற சத்தம். பழைய இரைச்சல் மட்டும் பின்னால் சௌக்கியமாக இருந்தது.

"நீ நேர்ல வந்துதான் தீரணும்" என்று கெஞ்சினார்.

"பாக்கறேன் அத்தான்" என்று வைத்துவிட்டான்.

அவனை எதிர்பார்த்துக்கொண்டே கடைசியாக ஒரு முறை படித்தார். "தயவுசெய்து இணைப்பிலேயே காத்திருங்கள்" என்று அவர் உருகி முடித்த நேரத்தில், கதவு படீரென்று திறந்தது.

"காத்துக்கிட்டு இருக்காதீங்க! இன்னிக்கு யாரும் வரப்போறதில்ல. போய் வேற வேலை இருந்தா பாருங்க!" என்றாள் மனைவி. தம்பி அவளிடம் சொல்லிவிட்டானாம்.

மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். கடைசிக் கோட்டில் வாலை மட்டும் வெட்டினால் போதும் என்று கத்தரிக்கோல் படத்தைத் தேடி எதையோ அழுத்தினார். எது வெட்டுப்பட்டது, எது ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை. அனுப்பிவிட்டார். அனுப்பிய பிறகுதான் போட்டுக் கேட்டார்.

எந்தக் கோடும் ஒதுங்கியிருக்கவில்லை. எல்லா வானொலிகளும் ஒரே நேரத்தில் வணக்கம் சொன்னார்கள். ஒருவர் பக்கத்துத் தெருவிலிருந்து, ஒருவர் ஹெலிகாப்டரிலிருந்து, ஒருவர் குடித்துவிட்டு, ஒருவர் குடத்துக்குள்ளிருந்து. நடுவில் அந்த ஊளை. முடிவில், எல்லாரும் ஓய்ந்த பிறகு, கணீரென்று மனைவி: "காத்துக்கிட்டு இருக்காதீங்க!"

அவருக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணனிடம் வேறு, நாளைக்குப் போன் போடு என்று சொல்லி வைத்திருந்தார்.

திங்கள்கிழமை ஆபீசுக்குப் பின்வாசல் வழியாகத்தான் போனார். கேஷியரின் பதிவு முதல் ஒரு மணி நேரமும், இவருடையது அடுத்த ஒரு மணி நேரமும் ஓடி முடிந்திருந்தது. கேஷியர் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் எதிரே ஓடி வந்து வானொலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பிரமாதம்! உங்களுதுதான் செலக்ட். தலைமை ஆபீஸ்ல எல்லாக் கிளைக்கும் இதையே கேக்கறாங்க!"

"சார்... அது தப்பான ஃபைல். வீட்ல ஒரு சின்னக் கோளாறு. நான் நல்லதா இன்னொண்ணு..."

"ஐயையோ!" என்று மேனேஜர் பதறிவிட்டார். "ஒரு இடத்துலகூடக் கை வெச்சிடாதீங்க. முக்கியமா அந்தக் கடைசி அம்மா. அவங்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க."

வானொலிக்குத் தலைகால் புரியவில்லை. கலை என்றால் இதுதான் போலிருக்கிறது, படைத்தவனுக்கே விளங்குவதில்லை என்று சமாதானம் செய்துகொண்டார். வானொலி நிலையத்துக்காரர்கள் அவசரப்பட்டு "போதும்" என்றுவிட்டார்கள், அவ்வளவுதான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டெலிபோன் ஆபரேட்டர் அம்மாவின் மேஜைக்குப் போய், அங்கிருந்தே அண்ணனை அழைத்தார்.

"அண்ணே, மெஷின் கசியுதுன்னு சொன்னியே. இப்பவே புகார் லைனுக்குப் போடு. போட்டுட்டுக் கேளு."

ஆபரேட்டரின் திரையில், காத்திருக்கும் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு பச்சைப் புள்ளி உண்டு. அண்ணனின் எண்ணோடு ஒரு புள்ளி வந்தது. வானொலி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். இந்நேரம் வணக்கம் கேட்டிருக்கும். இந்நேரம் அண்ணன் வாயைப் பிளந்திருப்பார். புள்ளி இரண்டு முறை சிமிட்டியது, அணைந்துவிட்டது.

திரையில் அந்தப் புள்ளி மட்டுமில்லை, ஒரு புள்ளியும் இல்லை.

"என்னம்மா, லைன் போயிடுச்சா?"

"லைனெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்" என்று ஆபரேட்டர் அம்மா காலாட்டிக்கொண்டே டீயை ஒரு வாய் குடித்தாள். "கேஷியர் சார் குரல் அவ்வளவு இனிமை, காலையில ஒருத்தர்கூட போனை வைக்காம காத்துக்கிட்டே இருந்தாங்க, அதனாலதானே அவரை வேணாம்னுட்டாங்க!"